கட்டும் கருணையும்



மருத்துவமனைகளில் செவிலியராகப் பணிபுரியும் எங்களுக்கு இவ்வாண்டு விழாவில் பேச வாய்ப்பளித்தமைக்கு நன்றி. தீவிர சிகிச்சைப் பிரிவில் தம் தந்தையின் கைகள் கட்டிலோடு கட்டப்பட்டிருக்கக் கண்டு பதறாத மக்கள் இல்லை. "ஏன் கட்டினீர்கள்?" என்று அவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை கூறுதல் எங்கள் கடமை.

மூச்சுக்குழாயில் செலுத்திய குழாயை நோயாளி தம்மையறியாது பிடுங்கிவிடின் சில நிமிடங்களில் உயிருக்கே ஊறு நேரலாம். அவ்வச்சமே கட்டுவதற்குக் காரணம். ஆயினும் கட்டு முழுக் காப்பன்று. கட்டுண்ட நிலையிலேயே குழாயைப் பிடுங்கியோரும் உளர். கட்டினால் மணிக்கட்டில் புண் உண்டாகும். இரத்த ஓட்டம் தடைப்படக் கூடும். அச்சமும் மனக்குழப்பமும் மிகும். மிகுந்த குழப்பம் மீண்டும் கட்டத் தூண்டும்.

2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றி மாண்டனர். இறந்தோர் 28 பேர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 97ஆம் பிரிவில், உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியில்லாதபோது மட்டுமே கட்டலாம் என்கிறது. தண்டனையாகவோ, ஆட்குறைவை மட்டும் காரணம் காட்டியோ கட்டலாகாது. காரணமும் கால அளவும் உடனே குறிக்கப்படல் வேண்டும் என்றும் விதிக்கிறது. அச்சட்டம் மனநல நிலையங்களுக்கு உரியது. எனினும் எங்கள் பிரிவிலும் அதுவே அளவுகோலாதல் வேண்டும். ஒரு செவிலியே பலரைக் கவனிக்க நேரும் இரவுகளில் அதனைக் காப்பது அரிது. அரிது என்பதனால் கைவிடுதல் அறமாகாது.

நம்மவர்க்கு மற்றோர் இடரும் உண்டு. ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்த முதியவர் தமிழன்றி வேறு மொழி அறியார். கண்விழித்ததும் புரியாத மொழியில் அதட்டல் கேட்டால் மிரளுவது இயல்பன்றோ? அவருடைய மூக்குக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் கொணர்ந்து கொடுங்கள். பார்வை நேரத்தில் அருகிருந்து, இது எந்த இடம், இன்று என்ன நாள், குழாய் எதற்கு என்று தமிழில் சொல்லுங்கள். வலி, தண்ணீர், மூச்சு, சிறுநீர் முதலிய தமிழ்ச் சொற்களை இந்நகரத்து எழுத்தில், பொருளுடன் எழுதிச் செவிலியரிடம் கொடுங்கள். கட்டு எதற்கு, எப்போது அவிழ்ப்பீர்கள் என்று தயங்காது கேளுங்கள். கேட்பதனால் நாங்கள் வருந்தோம்.

துணையற்ற தமிழர் படுத்திருக்கும் இடங்களில், மருத்துவமனையார் இசைந்தால், நம் சங்கத்து இளைஞர் முறை வைத்துச் சென்று பேசுவாராக. சில கைகளேனும் கட்டவிழும்.