மூன்று பேரும் முப்பது பேரும்

(சங்கக் கூடத்தில் நடந்த இசை மாலையில் பேசியது)



படித்தது பி.காம்., பார்த்தது வங்கி கிளார்க் வேலை. சங்கீதம் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். கேட்ட காது இருக்கிறது, அவ்வளவுதான்.

சற்று முன் நீங்கள் கேட்டது இத்தாலியர் கொரெல்லியின் 'கிறிஸ்துமஸ் கான்செர்ட்டோ'. அவர் 1713-இல் ரோமில் காலமானார். மறு வருஷம் ஆம்ஸ்டர்டாமில் அச்சான அவருடைய 12 உருப்படிகளில் இது எட்டாவது. இந்த வகைக்குப் பெயர் 'கான்செர்ட்டோ க்ரோஸ்ஸோ'.

இதில் இரண்டு கோஷ்டி. சின்ன கோஷ்டியில் இரண்டு வயலின், ஒரு செல்லோ. மற்ற எல்லாரும் பெரிய கோஷ்டி. மூவர் வாசிக்கும்போது மற்றவர்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். சத்தம் கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் ஆள் சேர்வதாலும் விலகுவதாலும்தான். கடைசிப் பகுதியில், நாதஸ்வரத்துக்கு ஒத்து பிடிப்பதுபோல, அடியில் ஒரே சுரம் நீண்டு நிற்கும். ஆரவாரம் இல்லாமல் மெல்ல முடியும்.

நெசவு தெரிந்த நம் பக்கத்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். காஞ்சிப் பட்டில் கோர்வை போடுகிறோமே, அதேதான். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். தறியில் கூட ஓர் ஆள் உட்கார்ந்து நாடா போட்டால்தான் வேலை நடக்கும். இரண்டு நிறமும் கலந்துவிடாது, பிரிந்தும் போகாது.

நம் இளையராஜா 1986-இல் 'ஹௌ டு நேம் இட்?' வெளியிட்டார். தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். வி.எஸ்.நரசிம்மனின் வயலின் முன்னால், தந்தி வாத்தியக் குழு அதற்குத் துணை. அது கான்செர்ட்டோ க்ரோஸ்ஸோ அல்ல. ஆனாலும் ஒருவரும் பலரும் பேசிக்கொள்ளும் அந்தச் சுகத்தை அதிலும் கேட்கலாம்.

நான் சொல்ல வந்தது வேறு. கொரெல்லி புத்தகத்தின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கிறது: மூவர் கட்டாயம், பெரிய கோஷ்டி விருப்பம்போல, ஆட்களைக் கூட்டிக்கொள்ளலாம். பெரிய கோஷ்டியின் பாகம் பொதுவாக எளிது. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பொழுதுபோக்காக வாசித்தவர்கள் சங்கம் சங்கமாகக் கூடி இவற்றை வாசித்தார்கள். தேர்ந்தவர்களுக்குக் கஷ்டமான பாகம், மற்றவர்களுக்குச் சுலபமான பாகம். யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

நாம் அனுப்பினோம். போன பொங்கல் விழாவுக்குப் பிள்ளைகளைத் தேர்வு செய்த மூவரில் நானும் ஒருவன். சரளி வரிசை தாண்டாதவர்கள் வேண்டாம் என்று ஒன்பது பேரை நீக்கினோம். அதில் என் பேத்தியும் உண்டு. சொந்தம் என்று பாராமல் நியாயமாக நடந்துகொண்டதில் எனக்குப் பெருமை வேறு! அன்றிரவு அவள் வயலினைப் பரணில் போட்டாள். பிறகு தொடவே இல்லை.

முப்பத்து நாலு வருஷம் வங்கியில் நானே பெரிய கோஷ்டிதான். மேனேஜர் பெயர்தான் வெளியே தெரியும்; கவுன்ட்டரில் நாங்கள் இல்லையென்றால் ஷட்டர் திறந்தும் பயனில்லை. இது எனக்கல்லவா முதலில் உறைத்திருக்க வேண்டும்?

ஆகவே இந்தப் பொங்கலுக்கு என் வேண்டுகோள் இது. நன்றாக வாசிக்கும் மூன்று பிள்ளைகள் முன்னால் உட்காரட்டும். மற்ற அத்தனை பேரும் பின்னால். ஒரு 'ச' மட்டும் நீட்டி வாசிக்கத் தெரிந்தாலும் போதும். தேர்வு கிடையாது. சங்க அலுவலகத்தில் நோட்டு வைத்திருக்கிறேன், பெயர் எழுதுங்கள்.

பேத்தியின் பெயரை நான் எழுதவில்லை. அதை அவள்தான் எழுத வேண்டும். வயலினை மட்டும் பரணிலிருந்து இறக்கி, புதுத் தந்தி போட்டு வைத்திருக்கிறேன்.