படம் யார் வீட்டுக்குத் திரும்புகிறது?

மாடல்களை அழைத்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போய்ப் படமெடுத்துவிட்டு ஊர் திரும்புகிற புகைப்படக் கலைஞரைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. நம்மூர்த் திருவண்ணாமலைக்கும் பாலைவனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். சித்திரை மாதப் பகலில் வெறுங்காலோடு கிரிவலம் போனவர்கள் கேட்க மாட்டார்கள், அது வேறு விஷயம். லென்சுக்குள் மணல் புகாமல் காப்பது, எந்த நேரத்து வெயில் முகத்துக்கு நல்லது, ஒட்டகக்காரரிடம் வாடகை பேசுவது என்று இந்தத் தலைப்பில் சொல்ல எவ்வளவோ உண்டு. அதையெல்லாம் யூடியூபைப் பார்த்து உங்கள் வீட்டுப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். கிடைத்திருக்கிற கொஞ்ச நேரத்தில் பயணத்தின் பின்பாதியை, அதாவது திரும்பி வருவதை, எடுத்துக்கொள்கிறேன். கேமராக்காரர் வீடு திரும்பிவிடுகிறார், மாடல்களும் திரும்பிவிடுகிறார்கள். எடுத்த படம் யாரிடம் போய்ச் சேருகிறது? படத்தில் முகம் தெரிகிற ஒவ்வொருவரிடமும் அந்தப் படம் ஒரு பிரதியாவது போய்ச் சேர வேண்டும், படம் போகிற இடமெல்லாம் அவர் பெயரும் கூடப் போக வேண்டும், அதுவரை படமெடுத்தவரின் வேலை முடியவில்லை என்பது என் வாதம்.

பாலைவனம் என்றதும் ஜெய்சல்மேர் பக்கத்து மணல்மேடுகள் நினைவுக்கு வரும். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குத் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடு இருக்கிறது. சினிமாக்காரர்களும், கல்யாணத்துக்கு முன்பே ஜோடியாகப் படமெடுத்துக்கொள்கிறவர்களும் அங்கேதான் போகிறார்கள். திருச்செந்தூர், சாத்தான்குளம், உடன்குடி வட்டாரத்தில் மேடும் பள்ளமுமாகப் பரந்து கிடக்கிற செம்மணல் அது. மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதால் வந்த சிவப்பு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும், நேற்று நடந்த தடம் இன்று இருக்காது. காலை வெயிலில் ஒரு நிறம், பொழுது சாயும்போது வேறு நிறம். கேமராவுக்குப் பிடித்த மண் என்றே சொல்லலாம். ஆனால் படத்தில் ஆளரவமற்ற வனாந்தரமாகத் தெரிகிற அந்த இடத்தில் ஆதிகாலம் தொட்டு மனிதர்கள் புழங்கியிருக்கிறார்கள். அவர்கள் செய்து விட்டுப்போன சின்னஞ்சிறு கற்கருவிகளைப் பற்றி ஸாய்னர், ஆல்சின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956இல் எழுதினார்கள். இன்றைக்கும் கற்குவேல் அய்யனார் கோவில் அந்தத் தேரியில்தான் இருக்கிறது. கார்த்திகையில் கள்ளர் வெட்டுத் திருவிழாவுக்கு அந்த மணலில்தான் கூட்டம் திரளுகிறது. சுற்றிலும் பனைமரம், பனையேறிகள், கருப்பட்டி காய்ச்சுகிற குடும்பங்கள். நமக்குப் பின்னணியாகத் தெரிகிற இடம் இன்னொருவருக்குப் பிழைப்பு நடக்கிற இடம். என் வாதம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

மாடல்களோடு போகிற எந்தப் படப்பிடிப்பிலும் லென்சுக்கு முன்னால் இரண்டு வகை மனிதர்கள் நிற்கிறார்கள். ஒரு வகையினர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களுக்குச் சம்பளம் உண்டு, பெயர் உண்டு, படம் எங்கே வெளிவரும் என்று தெரியும். இன்னொரு வகையினர் இடத்தோடு சேர்ந்து வந்தவர்கள்: ஒட்டகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர், தலையில் குடத்தோடு கடந்து போகிறவர், பனையிலிருந்து இறங்கி வந்து வேடிக்கை பார்ப்பவர். சட்டமும் இந்த இரண்டாவது வகையினரைக் கண்டுகொள்வதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர்தான். ஆனால் ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். (கல்யாணம் நடத்திய வீட்டார் இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள்.) எடுத்தவருக்கு உரிமை உண்டு, பணம் கொடுத்தவருக்கு உரிமை உண்டு. முகத்தை மட்டும் கொடுத்தவரைப் பற்றி அந்தச் சட்டப் பிரிவு வாய் திறப்பதில்லை.

இந்தப் பிரிவினை எவ்வளவு அப்பட்டமாகத் தெரியும் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 2008ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்து இந்திய வோக் இதழில் ஒரு படத்தொகுப்பு வந்தது. தொழில்முறை மாடல்களுக்குப் பதிலாகச் சாதாரண ஏழை எளிய மனிதர்களின் கையில் விலையுயர்ந்த பொருள்களைக் கொடுத்து எடுத்த படங்கள். பல் போன ஒரு பாட்டி குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிறார், குழந்தையின் கழுத்தில் கட்டியிருக்கிற எச்சில் துணி ஃபெண்டி நிறுவனத்தினுடையது, விலை சுமார் 100 டாலர். வெறுங்காலோடு நிற்கிற ஒரு பெரியவர் கையில் சுமார் 200 டாலர் பர்பெர்ரி குடை. ஏழைகளைக் கேலி செய்கிறார்கள் என்று பலரும் கொதித்தார்கள். இதைப் போய்ப் பெரிதாக எடுத்துக்கொள்ளலாமா என்பதுபோல இதழாசிரியர் பதில் சொன்னார். அந்தச் சண்டை இப்போது நமக்கு வேண்டாம். நான் கவனிக்கச் சொல்வது படத்துக்குக் கீழே இருந்த எழுத்தை. குடைக்குப் பெயர் இருந்தது, பைக்குப் பெயர் இருந்தது, எச்சில் துணிக்கும் பெயர் இருந்தது. பிடித்துக்கொண்டு நின்ற மனிதர்களுக்குப் பெயர் இல்லை. அதே இடத்தில் ஒரு மாடல் நின்றிருந்தால் அவர் பெயர் அச்சாகியிருக்கும்.

உலகம் முழுக்கத் தெரிந்த இன்னொரு முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கண்ணும் கிழிந்த சிவப்பு முக்காடுமாக நம்மை நேருக்கு நேர் பார்க்கிற ஆப்கான் சிறுமி. 1983இல் ராஜஸ்தானத்துப் புழுதிப் புயலில் பெண்கள் ஒருவரையொருவர் அணைத்துக்கொண்டு நிற்கிற படத்தை எடுத்த அதே ஸ்டீவ் மெக்கரி, 1984இல் பெஷாவருக்குப் பக்கத்து அகதி முகாம் ஒன்றில் எடுத்தது. 1985 ஜூன் மாத நேஷனல் ஜியோகிராஃபிக் அட்டையில் வந்த பிறகு அது போகாத ஊர் இல்லை. அந்தச் சிறுமிக்கு மட்டும் தன் படம் அப்படிச் சுற்றிக்கொண்டிருப்பது தெரியாது. 2002இல் மெக்கரியும் ஒரு குழுவும் தேடிப் போனபோதுதான் ஷர்பத் குலா என்ற பெயரே வெளியே வந்தது. அவர்தானா என்று உறுதிசெய்யக் கண்ணின் கருவிழி அமைப்பைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. நடுவில் பதினேழு ஆண்டுகள் ஓடிவிட்டன. மெக்கரி தேடிப் போனதைக் குறைசொல்ல முடியாது, பெரும்பாலானவர்கள் அந்த அளவுக்கும் போவதில்லை. முகாமில் படமெடுத்த அன்றே பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

என் வாதத்துக்கு மறுப்புகள் உண்டு, அவற்றில் நியாயமும் உண்டு. பொது இடத்தில் நடப்பதைப் படமெடுக்க யாரைக் கேட்க வேண்டும் என்பது முதல் மறுப்பு. எடுப்பதைத் தடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெருவைப் படமெடுக்கவே கூடாதென்றால் நம் காலத்துக்குச் சாட்சியே இருக்காது. ஆனால் எடுப்பது வேறு, எடுத்ததைப் பயன்படுத்துவது வேறு. கொலை வழக்குக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994இல் தந்த தீர்ப்பு பத்திரிகைச் சுதந்திரத்துக்குப் பெரிய பலம். அதே தீர்ப்புதான், ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்கோ மற்றவற்றுக்கோ பயன்படுத்துவது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்பதையும் எடுத்துச் சொன்னது. இரண்டாவது மறுப்பு கலைஞர்களுடையது: கேட்டுவிட்டு எடுத்தால் முகம் விறைத்துவிடும், அந்தக் கணம் போய்விடும் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். எடுத்துவிட்டே கேட்கட்டும். கணத்தை அப்படியே பிடிப்பதில் பேர்போனவர் ஹென்றி கார்த்தியே ப்ரெஸ்ஸோன். பளபளப்பு கண்ணில் பட்டு யாரும் திரும்பிப் பார்த்துவிடக் கூடாதென்று தன் லைகா கேமராவின் உலோகப் பகுதியைக் கறுப்பு நாடா ஒட்டி மறைத்து வைத்தவர். அவரே தன் முகத்தைப் பிறர் படமெடுப்பதை விரும்பாதவர் என்பதையும் இந்த மறுப்போடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் கனமானது. படம் நல்ல காரியத்துக்குப் பயன்பட்டால் பெயர் எதற்கு என்பது. டொரோதியா லாங்கே 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் ஒரு தாயைக் குழந்தைகளோடு எடுத்த படம் அமெரிக்காவின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்துக்கே முகமாகிவிட்டது. அது பத்திரிகையில் வந்ததும் அரசாங்கம் அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு எடை உணவுப் பொருள் அனுப்பியது. படத்தால் பலருக்குச் சோறு கிடைத்தது, மறுக்க முடியாது. ஆனால் உணவு வந்து சேர்ந்தபோது படத்தில் இருந்த தாய் தன் பிள்ளைகளோடு வேலை தேடி வேறு இடம் போயிருந்தார். பெயரைக் கேட்கவில்லை என்று லாங்கேயே பின்னாளில் எழுதினார். ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற பெயர் 1978இல்தான் தெரியவந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. ஊருக்கு நன்மை செய்த படம் உரியவரைத் தவறவிட்டது. நல்ல நோக்கம் இருந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்பதற்கு இந்தப் படம் சாட்சி சொல்லாது.

இனி நம்மூருக்கு வருவோம். திருவண்ணாமலையில் இந்த வாதத்துக்கு வேறொரு மறுப்பும் வரும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அக்னி லிங்கத்திலிருந்து ஈசான்ய லிங்கம் வரை காவி கட்டிய சாதுக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தூரத்தில் நின்று பெரிய லென்சைத் திருப்புகிறவர்கள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வருகிறார்கள். சடையும் திருநீறும் சுருக்கம் விழுந்த முகமும் எங்கெங்கோ கண்காட்சிச் சுவருக்குப் போகின்றன, கீழே 'இந்தியச் சாது' என்று இரண்டே சொல். கேட்டால், துறவிக்கு ஏது பெயர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவருக்குப் படம் எதற்கு என்கிறார்கள். தான் வைத்திருந்ததை விடுவதுதான் துறவு. அவர் விட்டதைக் கேமராக்காரர் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

இந்த மறுப்புக்கு நம்மூரிலேயே ஒரு பெரிய பதில் இருக்கிறது. கோவணமும் கமண்டலமும் தவிர வேறெதுவும் தனக்கென்று வைத்துக்கொள்ளாத ரமணரைவிடவா பெரிய துறவி வேண்டும்? அவருடைய படங்களைப் பாருங்கள். இருபது வயதை ஒட்டிய இளைஞராக அவர் இருக்கும் படத்திலிருந்து கடைசி நாள் வரைக்கும் வரிசையாக இருக்கின்றன. சென்னையிலிருந்து வந்துபோன டாக்டர் டி. என். கிருஷ்ணசாமி எடுத்தவை ஏராளம். 1949இல் அமெரிக்காவின் லைஃப் இதழுக்காக எலியட் எலிசோஃபன் வந்து எடுத்தார். நம்மூர் டீக்கடையிலும் பூக்கடையிலும் ஆட்டோவின் கண்ணாடிக்கு மேலும் மெல்லச் சிரித்தபடி இருக்கிற அந்த மார்பளவுப் படம், பெங்களூரிலிருந்து வந்த வெல்லிங் 1946இல் எடுத்தது. இன்றும் அதை வெல்லிங் படம் என்றுதான் சொல்கிறார்கள். எடுக்கப்பட்டவருக்கும் பெயர் நின்றது, எடுத்தவருக்கும் பெயர் நின்றது. சற்று முன் சொன்ன கார்த்தியே ப்ரெஸ்ஸோனும் இந்தக் கதையில் இருக்கிறார். ரமணரின் கடைசி நாள்களில் அவரைப் படமெடுத்த அவர், 1950 ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்கு ரமணர் உயிர் பிரிந்தபோது ஊரில்தான் இருந்தார், வானத்தில் ஒளிர்ந்து ஓடிய எரிநட்சத்திரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். இத்தனை பேர் வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து எடுத்த படங்கள் இன்றும் இந்த மண்ணில் உயிரோடு இருப்பதற்குக் காரணம், அவை இங்கே திரும்பி வந்தன. ரமணாசிரமம் அவற்றைத் திரட்டிப் பாதுகாத்து வைத்திருக்கிறது. பெயர் சொல்வதும் பிரதி கொடுப்பதும் துறவுக்கு எந்தக் குறையும் வைத்துவிடவில்லை. பின்னால் ஓர் ஆசிரமம் இருந்த துறவிக்குக் கிடைத்தது, யமலிங்கத்துக்குப் பக்கத்தில் மரத்தடியில் படுத்திருக்கிற துறவிக்குக் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்தஸ்து மட்டும்தான்.

விலாசமே இல்லாதவருக்கு எங்கே அனுப்புவது என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். 1936இல் அது நியாயமான கேள்வி. இன்றைக்கு எடுத்த படத்தை அன்றைக்கே பிரிண்ட் போட்டுக் கையில் கொடுக்க முடியும், அதற்கு ஆகிற செலவு டீச் செலவைவிடப் பெரிதாக இருக்காது. தேரிக்காட்டுப் பனையேறிக்கும் சரி, நம்மூர்ச் சாதுவுக்கும் சரி, பக்கத்து டீக்கடைக்காரரிடம் கொடுத்து வைத்தால் எப்படியும் போய்ச் சேரும். சிலர் வேண்டாம் என்று சொல்லலாம், படத்தை அழித்துவிடு என்றுகூடச் சொல்லலாம். அப்போது அழித்துவிட வேண்டியதுதான். நிறமும் வெளிச்சமும் பற்றிச் சொல்ல நினைத்தது நிறைய இருக்கிறது, நேரம் முடிந்துவிட்டது. வருகிற கார்த்திகை தீபத்துக்குக் கேமராவோடு வருகிறவர்கள் "சாமி, உங்க பேரு என்ன?" என்று கேட்டுவிட்டு ஊர் திரும்புவார்கள் என்று நம்புகிறேன். பிரிண்டின் பின்பக்கத்தில் உங்கள் பெயரையும் எழுதிக் கொடுங்கள், எடுத்தது யார் என்று நாளைக்கு யாராவது கேட்டால் அவரும் சொல்ல வேண்டுமே.