சுட்ட பழமும் ஃபயர் ஆன ஆளும்

இன்னைக்கு ஒரே ஒரு இங்கிலீஷ் வினைச்சொல்: 'ஃபயர்'.

எங்க ஊர் மங்கலம்பேட்டை. பக்கத்துல இருக்கிற விருத்தாசலம், பீங்கானுக்குப் பேர் போன ஊர். அங்கே 'ஃபயரிங்'னு சொன்னா யாரும் பயப்பட மாட்டாங்க. சூளையில வச்சுச் சுடுறது, அவ்வளவுதான். முதல் தடவை சுட்டா 'பிஸ்கட் ஃபயரிங்'. மேலே பளபளப்புப் பூச்சு கொடுத்துச் சுட்டா 'கிளேஸ் ஃபயரிங்'. சூடு சுமார் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டிட்டா, அப்புறம் எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் அது திரும்பக் களிமண் ஆகாது.

அதே சொல்லை ஒரு ஐ.டி. ஆபீஸ்ல சொல்லிப் பாருங்க, எல்லார் முகமும் மாறிடும். அங்கே அது வேலையை விட்டுத் தூக்குறது! ஆனா அதே ஆபீஸ்ல 'ஈவென்ட் ஃபயர் ஆகல'ன்னா யார் வேலையும் போகல. பட்டனை அழுத்தியும் கோடுக்குத் தகவல் போகலன்னு அர்த்தம்.

எல்லாத்துக்கும் மூலம் நெருப்பு வைக்கிறதுதான். பழைய துப்பாக்கியில மருந்துக்கு நெருப்பு வச்சாதான் குண்டு பாயும். அதனால சுடுறதும் 'ஃபயர்' ஆச்சு. குண்டு கிளம்புறதுக்கு 'டிஸ்சார்ஜ்'னும் ஒரு சொல் உண்டு. ஆளை வேலையிலிருந்து அனுப்புறதுக்கும் அதே 'டிஸ்சார்ஜ்'தான். இந்த ரெட்டை அர்த்தத்தை வச்சு விளையாடித்தான், 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவுல ஆளையும் 'ஃபயர்' பண்ண ஆரம்பிச்சாங்கன்னு சொல்றாங்க.

இத்தனை அர்த்தத்தை எப்படி ஞாபகம் வச்சுக்கிறதுன்னு மலைக்காதீங்க. நம்ம 'சுடு'வைப் பாருங்க. தோசை சுடுறோம், செங்கல் சுடுறோம், துப்பாக்கியால சுடுறோம், 'ட்யூனைச் சுட்டுட்டாங்க'ன்னு கலாய்க்கிறோம். யாராவது லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்ணோமா? பக்கத்துல எந்தச் சொல் நிக்குதுன்னு பார்த்தே கத்துக்கிட்டோம். இங்கிலீஷையும் அப்படியே பிடிங்க. 'ஃபயர்டு'க்கு அப்புறம் 'அட்' வந்து ஆள் வந்தா, துப்பாக்கி. 'அட்' இல்லாம நேரா ஆள் வந்தா, வேலை போச்சு. ஒரு குட்டிச் சொல்லை விட்டா மொத்தக் கதையும் மாறிடும்.

மீட்டிங்ல ஒரு சொல் புரியலன்னா கூச்சப்படாம கேளுங்க. நாவல் மரத்தடியில சுட்ட பழம் கேட்டுட்டு, மண்ணை ஊதிக்கிட்டு நின்ன ஔவையார் கதை நமக்குத் தெரியும்தானே? சொந்த மொழியில, ஒரே ஒரு வினைச்சொல்லுக்கு, அவங்களே தடுமாறினாங்க!

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.