கண்ணாடிப் பலகையின் சாவி யாரிடம்?

(முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'முதுகலைக்குப் பின்: வேலைவாய்ப்புகளும் வழிகாட்டுதலும்'. அழைப்பிதழில் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. பிஎச்டி முடித்துவிட்டு ஐந்து வருடம் ஒரு அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகக் காலம் தள்ளியவள் நான். கௌரவம் பெயரில் இருக்கும், மே மாதம் சம்பளம் இருக்காது. மாதம் 50,000 வரை தரலாம் என்று யுஜிசி 2019-இல் சொன்னது. எங்களுக்கு வந்தது 20,000, பிறகு 25,000. இப்போது ஒரு உதவிபெறும் கல்லூரியில் நிரந்தர வேலை. அதனால் வழிகாட்ட அழைத்துவிட்டீர்கள். எந்தத் தேர்வு, எந்த இணையதளம் என்கிற பட்டியல் உங்கள் கைபேசியிலேயே கிடைக்கும். அந்தப் பட்டியல் எனக்கு ஏன் கிடைக்காமல் போனது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

நான் ஆய்வு செய்த துறையில் மாடிப்படி ஏறியதும் ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது. கண்ணாடிக் கதவு, சின்னப் பூட்டு. மூன்று வருடமும் அதற்குள் ஒரே தாள்தான்: நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தரவும். ஒருநாள் அலுவலக உதவியாளர் அண்ணனிடம் சாவி எங்கே என்று கேட்டேன். "எச்ஓடி மேசையில கெடக்கும்மா, யாரும் கேக்கறதில்ல" என்றார்.

அப்படியானால் செய்தியெல்லாம் எந்த வழியில் வந்துகொண்டிருந்தது? துறைத் தலைவருக்கு மின்னஞ்சல் வரும். அவர் கைடுகளுக்கு அனுப்புவார். கைடு, யார் முகம் ஞாபகத்துக்கு வருகிறதோ அவர்களுக்கு அனுப்புவார். ஐசிஎஸ்எஸ்ஆர் நிதியில் பத்து நாள் ஆய்வு முறையியல் பயிலரங்குகள் நடக்கும், கேள்விப்பட்டிருப்பீர்கள். எனக்கு இரண்டாம் வருடம் அது கட்டாயம் தேவைப்பட்டது. தமிழ்வழியில் பொருளாதாரம் படித்தவள், புள்ளியியல் என்றாலே வயிற்றைக் கலக்கும். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி முடிந்து நான்காம் நாள், விடுதி மெஸ்ஸில் ஒரு தோழி சாதாரணமாகக் கேட்டாள்: "நீ போடலையா? சார் எங்களுக்கு மெயில் அனுப்பினாரே."

எங்களுக்கு என்றால் மூன்று பேருக்கு. அவரிடம் ஆய்வு செய்தவர்கள் ஆறு பேர்.

அந்தப் பேராசிரியரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் என் வேலை சுலபம். அவர் என்னை ஒருநாளும் சாதி சொல்லித் திட்டியதில்லை. மேடைகளில் சமூகநீதி பேசுவார், நன்றாகவே பேசுவார். அந்த மூன்று பேர் அவர் வீட்டுக்குப் போய் வருகிறவர்கள். மகள் கல்யாணத்தில் பந்தி பார்த்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துக்கொண்டே எந்த இதழுக்குக் கட்டுரை அனுப்பலாம், எங்கே காலியிடம் வரப்போகிறது என்று பேசுகிறவர்கள். நானும் ஒருமுறை போனேன், ஆய்வேட்டின் ஒரு இயலைக் கொடுக்க. கேட்டருகிலேயே வாங்கிக்கொண்டார். "இந்த வெயில்லயா வந்தே" என்று கனிவாகத்தான் கேட்டார். உள்ளே வா என்று சொல்லவில்லை. தண்ணீரும் வரவில்லை.

அனுப்பப்படாத ஒரு மின்னஞ்சலுக்கு எந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அதற்குப் பிரிவு கிடையாது. ஆனால் ஒரு தலைமுறைக்குள் யார் பேராசிரியர், யார் கௌரவ விரிவுரையாளர் என்பதை இந்த மாதிரி மின்னஞ்சல்கள் பெரிய அளவில் முடிவு செய்கின்றன. நிலம் எப்படி உறவுக்குள்ளேயே கைமாறியதோ அப்படித்தான் செய்தியும் கைமாறுகிறது. கடைசியில் வாங்கியவனுக்குத் திறமைசாலி என்று பெயர். வாங்காதவளுக்கு "முயற்சி போதாது" என்று அறிவுரை.

பரிந்துரைக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டும். நம் பிள்ளைகள் அதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். "சிபாரிசு பிடிப்பதா?" என்று ஒரு தம்பி என்னிடமே கேட்டான். பாபாசாகேப் 1913-இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட்டின் உதவித்தொகையில் கொலம்பியா போனதும், திரும்பி வந்து பத்தாண்டுகள் பரோடாவில் பணியாற்றுவதாக ஒப்பந்தம் போட்டிருந்ததும், 1917-இல் அங்கே போனபோது தங்க இடமில்லாமல் ஒரு பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்கள் துரத்தியதும் உங்களுக்குத் தெரியும். நாம் அதிகம் பேசாதது வேறொன்று. கொலம்பியாவில் அவருடைய ஆசிரியர் எட்வின் செலிக்மன், லண்டனில் இருந்த பேராசிரியர்களுக்கு அவரைப் பற்றி அறிமுகக் கடிதம் எழுதினார். 1918-இல் பம்பாய் சிடனம் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்ததில், லண்டனில் அறிமுகமாகியிருந்த முன்னாள் ஆளுநர் சிடனம் பிரபுவின் தொடர்பு உதவியது என்று தனஞ்செய் கீர் எழுதுகிறார். அந்தக் கல்லூரியிலும் ஆசிரியர்களுக்கான பானையில் அவர் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று சிலர் ஆட்சேபித்தார்கள், அது தனிக்கதை.

அவ்வளவு படித்தவருக்கே இன்னொருவர் எழுதும் இரண்டு பத்தி தேவைப்பட்டது. ஆகவே கூச்சம் வேண்டாம். உங்கள் ஆய்வைப் படித்த ஆசிரியர் அதைப் பற்றி எழுதுவது அவர் வாங்கும் சம்பளத்துக்கான வேலை. போய்க் கேளுங்கள். வாயால் மட்டும் கேட்காதீர்கள். மூன்று வாரம் முன்பாக மின்னஞ்சலில் கேளுங்கள், சிவியையும் ஆய்வுச் சுருக்கத்தையும் இணைத்து அனுப்புங்கள், கடைசித் தேதியை முதல் வரியிலேயே எழுதுங்கள். மறுத்தால் அந்த மறுப்பும் எழுத்தில் இருக்கட்டும்.

அடுத்தது நேர்காணல். என் முதல் நேர்காணல் ஒரு ஆய்வு நிறுவனத்தில், பெயர் வேண்டாம். முதல் கேள்வியே அப்பா என்ன செய்கிறார் என்பது. அப்பா மன்னார்குடி பக்கம் அரிசி ஆலையில் லோடுமேன். அம்மா நூறுநாள் வேலை. சொன்னேன். ஒரு நொடி அமைதி. பிறகு ஒருவர் "வெரி இன்ஸ்பைரிங்" என்றார். அதோடு சரி, டெல்டாவில் விவசாயக் கூலி பற்றி நாலு வருடம் செய்த என் ஆய்வைக் குறித்து ஒரு கேள்விகூட வரவில்லை. பேருந்தில் திரும்பும்போது, அப்பாவுடைய வேலையை வேறு மாதிரி சொல்லியிருக்கலாமோ என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததற்காக இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிற்பாடுதான் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் செய்த ஆய்வைப் படித்தேன். டெல்லிப் பகுதிப் பெருநிறுவனங்களின் மனிதவள அதிகாரிகளிடம் பேசியிருக்கிறார்கள். சாதி பார்ப்பதே இல்லை, தகுதி மட்டும்தான் என்று சொன்ன அதே வாய்கள், குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்றும் சொல்லியிருக்கின்றன. நல்ல குடும்பம் என்றால் நல்ல பண்பு வருமாம். அதே 2007-இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. செய்தித்தாளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை, பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். மேல்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. தனியார் துறையில் இடஒதுக்கீடு எதற்கு என்று கேட்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று நாம் பெருமைப்படுகிறோம், நியாயமான பெருமைதான். ஆனால் இங்கே கேள்வி வேறு மாதிரி வரும். "எந்த ஊரு?" சொன்னால், "ஊர்ல எந்தப் பக்கம்?" முதுகில் தட்டிப் பூணூல் தேடிய காலம் போய், கூகுள் வரைபடத்தில் தெருவைத் தேடும் காலம் வந்திருக்கிறது.

இனிப் பணம். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000, எஸ்.ஆர்.எஃப். 42,000. கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் ஒவ்வொரு மாதமும் பல்கலைக்கழகம் உறுதிசெய்தால்தான் அது கணக்குக்கு வரும். அங்கே ஒரு கையெழுத்து தள்ளிப்போனால், வீட்டில் வசதி இருப்பவருக்கு அது எரிச்சல், நமக்கு மெஸ் பாக்கி. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவுக்கு ஏழு மாத உதவித்தொகை வராமல் இருந்தது. 1,75,000 ரூபாய். 2016 ஜனவரி 17 அன்று எழுதிய கடைசிக் கடிதத்தில் அந்தப் பணத்தைத் தன் குடும்பத்துக்குக் கிடைக்கச் செய்யுங்கள் என்றும், நண்பரிடம் வாங்கிய கடனை அதிலிருந்து அடையுங்கள் என்றும் கேட்டிருந்தார். அந்தக் கடிதத்தின் மற்ற வரிகளைச் சுவரொட்டியில் போடுகிறோம். இந்தக் கணக்கு வரிகளை யாரும் போடுவதில்லை.

என்னோடு சேர்ந்த ஒரு தோழனும் ஐந்து மாதம் பணம் வராமல் இருந்து ஊருக்குப் போனான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். அவனுடைய மூன்று இயல்கள் என் லேப்டாப்பில் இருக்கின்றன. என்னுடையதைவிட நல்ல எழுத்து. இதற்கிடையில் கதவுகளையும் வரிசையாக மூடுகிறார்கள். 2022-இல் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் இந்தியாவைப் பற்றிய பண்பாடு, வரலாறு, சமூக ஆய்வுத் தலைப்புகளுக்கு இடமில்லை என்று விதி போட்டார்கள். அதாவது வெளிநாட்டில் போய்ச் சாதியைப் பற்றி ஆராயாதே. அந்த ஆண்டு டிசம்பரிலேயே சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஃபெல்லோஷிப்பையும் நிறுத்திவிட்டதாக அறிவித்தார்கள்.

பிளேஸ்மென்ட் செல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கலைப்பிரிவு மாணவர்களை நோக்கி அது திரும்பிப் பார்த்தால் காப்பீட்டு முகவர் வேலை வரும். அதைவிட நீங்கள் கவனிக்க வேண்டியவை எஸ்சி/எஸ்டி பிரிவும் சமவாய்ப்பு மையமும். பாகுபாட்டைத் தடுக்கவும் புகார்களை விசாரிக்கவும் யுஜிசி 2012-இலேயே விதிகள் கொண்டுவந்தது. அவை காகிதத்தில் மட்டுமே இருக்கின்றன என்று ராதிகா வெமுலாவும் ஆபிதா தட்வியும் 2019-இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு தாய்மார்கள் கேட்டதை நாம் நம் வளாகத்தில் கேட்டிருக்கிறோமா? எஸ்சி/எஸ்டி பிரிவு இந்த ஆண்டு எத்தனை முறை கூடியது, நெட் பயிற்சிக்கு எவ்வளவு செலவானது, ஃபெல்லோஷிப் உறுதிப்படுத்தல் ஒவ்வொரு மாதமும் எந்தத் தேதியில் போனது? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாயில் கேட்கலாம். அரசுப் பல்கலைக்கழகம் 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் காலத்தில் நாலு பேர் சேர்ந்து இதைச் செய்யவில்லை. நாங்கள் செய்ததெல்லாம் மெஸ் சுவரில் ஒரு சார்ட் ஒட்டியதுதான். யாருக்கு எந்த அறிவிப்பு கண்ணில் பட்டாலும் தேதியோடு அதில் எழுதவேண்டும். வார்டன் இரண்டு முறை கிழித்தார். மூன்றாம் முறை விட்டுவிட்டார், அவருடைய மகனும் நெட் எழுதிக்கொண்டிருந்தான். அந்தச் சுவரைப் பார்த்துத்தான் நான் முதல் மாநாட்டுக்கு விண்ணப்பித்தேன்.

கடைசியாக ஒன்று. சொல்லாமல் போனால் மேலே சொன்னதெல்லாம் பாதி உண்மையாகிவிடும். போன வருடம் எனக்கு ஒரு கோடைகாலப் பயிற்சி பற்றி மின்னஞ்சல் வந்தது. மூன்று மாணவிகளுக்கு அனுப்பினேன். அடிக்கடி என் அறைக்கு வருகிறவர்கள், என்னைப் போலவே பேசுகிறவர்கள், இரண்டு பேர் என் ஊர்ப் பக்கம். ஒரு வாரம் கழித்துக் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் வந்து நின்றாள். அருந்ததியர் குடியிருப்பிலிருந்து வருகிறவள், வகுப்பில் வாயே திறக்காதவள். "எனக்கு ஏன் மேடம் வரல?" என்று கேட்டாள். வேலைப்பளு என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். எனக்குக் கேட்டருகே நின்ற அந்த வெயில் ஞாபகம் வந்தது, இந்தமுறை நான் கேட்டுக்கு உள்பக்கம்.

மறுநாள் வகுப்பின் மொத்த மின்னஞ்சல் பட்டியலையும் வாங்கினேன். இப்போது எது வந்தாலும் 43 பேருக்கும் போகிறது. துறைப் பலகையின் பூட்டைக் கழற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் கழற்றவில்லை.

அந்தப் பெண் இன்று என்னோடு வந்திருக்கிறாள். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பது அவள்தான். அவளிடம் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்றில் அடுத்த மூன்று மாதத்துக்கான கடைசித் தேதிகள், நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று வெற்றுத்தாள். மாதிரி நேர்காணலுக்கு வர விருப்பமுள்ளவர்கள் பெயர், பாடம், கைபேசி எண் எழுதுங்கள். இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இதே அரங்கில். அப்பா என்ன செய்கிறார் என்று நான் கட்டாயம் கேட்பேன், பதிலைத் தயார் செய்துகொண்டு வாருங்கள்.