எந்தப் பெடல் வாங்கலாம், சார்?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வாழ்க்கையில் வெற்றி" என்று ஏதாவது பதினைந்து நிமிடம் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அதைப் பேசத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் எலெக்ட்ரிக் கிடாருக்கு ஓவர்டிரைவ் பெடல் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு முன் இசை மன்ற மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், சங்கத்துலேர்ந்து எங்களுக்கு ஒரு தொகை தர்றாங்க. நல்ல ஓவர்டிரைவ் பெடல் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம். எது பெஸ்ட் சார்?" என்றார். "அதை எதுல சொருகப் போறீங்க தம்பி?" என்றேன். "மிக்சர்லதான் சார், ஹால் சவுண்டு சிஸ்டத்துல." எனக்குத் திக்கென்றது. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதினைந்து நிமிடம்.

கிடார் வாசிக்காதவர்களுக்காக முதலில் இரண்டு வார்த்தை. அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர்களில் வால்வு இருந்தது. ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் வால்வால் கொடுக்க முடியாது. அலையின் முகடு மழுங்கிவிடும். மழுங்கிய அலையில் மூல ஸ்வரத்தோடு புதிய மேல் ஒலிகளும் சேர்ந்துகொள்ளும். ஓசை கனமாக, சற்றுக் கரகரப்பாக, நீண்டு நிற்கும். நம்ம எலெக்ட்ரானிக்ஸ் லேபில் ஆசிலாஸ்கோப்பில் இப்படி ஒரு அலை வந்தால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழாது! ஆனால் கிடார் வாசிப்பவர்களுக்கு அந்தக் குறைதான் பிடித்துப்போனது. அமெரிக்காவின் லிங்க் ரே 1958இல் ஸ்பீக்கரையே பென்சிலால் குத்தி ஓட்டை போட்டார் என்பார்கள். இங்கிலாந்தின் டேவ் டேவிஸ் 1964இல் தன் சின்ன ஆம்ப்பின் ஸ்பீக்கர் தாளை பிளேடால் கீறினார்.

எல்லோரும் பிளேடோடு அலைய முடியுமா? வால்வு ஆம்ப்பை முழு ஒலியில் வைத்தால் பக்கத்து வீட்டார் சும்மா இருப்பார்களா? அதற்குத்தான் காலால் மிதிக்கும் சின்னப் பெட்டி வந்தது. ஜப்பானின் பாஸ் கம்பெனி 1977இல் ஓடி-1 என்ற ஓவர்டிரைவ் பெடலைக் கொண்டுவந்தது. 1979இல் ஐபானெஸ் பெயரில் டியூப் ஸ்கிரீமர் வந்தது. உள்ளே பெரிய மாயம் எதுவும் இல்லை. ஒரு ஆப்-ஆம்ப், அதன் ஃபீட்பேக் பாதையில் எதிரெதிராகத் திரும்பிய சிலிக்கான் டயோடுகள். வோல்டேஜ் ஏறினால் டயோடு திறந்துகொண்டு முகட்டை மெதுவாக மழுங்கடிக்கும். டியூப் ஸ்கிரீமரில் மேலும் கீழும் சமமாக மழுங்கும். ஓடி-1இலும், 1981இல் அதன் வழியில் வந்த எஸ்டி-1இலும் ஒரு பக்கம் ஒரு டயோடு, மறுபக்கம் இரண்டு. அதனால் இரு பக்கமும் சமமாக வெட்டுப்படாது, ஓசையில் வேறு குணம் தெரியும். நாம் மூன்றாம் செமஸ்டரில் படித்த அதே பாடம்தான், நண்பர்களே.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

1989. நாங்கள் ஐந்து பேர் ஹாஸ்டலில் குழு வைத்திருந்தோம். நான் ரிதம் கிடார். என் அறைத்தோழன் லீட். விரல் என்றால் விரல், அப்படி ஒரு விரல் அவனுக்கு. வளைகுடாவில் வேலை பார்த்த அவனுடைய அண்ணன் லீவில் வந்தபோது ஒரு டிஸ்டார்ஷன் பெடல் வாங்கிவந்தார். அறையில் ஒரு டேப் ரெக்கார்டரின் மைக் ஓட்டையில் சொருகி வாசித்தோம். அடேயப்பா! அடி ஒலி கும்மென்றும் மேல் ஒலி பளீரென்றும் கேட்டது. பக்கத்து அறைக்காரன் எழுந்து வந்து கைகொடுத்தான்.

பிறகு இன்னொரு கல்லூரியில் கல்சுரல்ஸ் இறுதிச் சுற்று. மேடையில் கிடார் ஆம்ப் கிடையாது. "லைன்ல குடுங்க தம்பி" என்றார் சவுண்டுக்காரர். பெடலிலிருந்து நேராக மிக்சருக்குக் கொடுத்தோம். குளவிக்கூட்டில் கல்லெறிந்த மாதிரி ஒரு சத்தம். அவர் முகம் சுளித்து எங்கள் சேனலை இறக்கினார். இறக்கியதும் டிரம்ஸுக்கும் பேஸுக்கும் நடுவில் லீட் கிடார் காணாமலே போய்விட்டது. என் நண்பன் உயிரைக் கொடுத்து வாசித்த பதினாறு பாரும் யாருக்கும் கேட்கவில்லை. பரிசு போனது பெரிதில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அவன் சொன்னான்: "மாப்ளே, என் கையிலதான் ஏதோ தப்பு." அதற்கப்புறம் அவன் மேடையில் கிடார் தொடவே இல்லை.

தப்பு அவன் கையில் இல்லை. அது எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று. இரண்டு தப்பு நடந்தது.

முதல் தப்பு, ஸ்பீக்கர். கிடார் ஆம்ப்பில் இருப்பது பெரும்பாலும் பத்து அல்லது பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், ட்வீட்டர் கிடையாது. சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் ஓசை சட்டென்று விழுந்துவிடும். பெடல் கிளப்பும் கூர்மையான கரகரப்பை அது வடிகட்டிவிடுகிறது. ஹால் சவுண்டு சிஸ்டத்தில் ட்வீட்டர் உண்டு. ஒன்றையும் விடாமல் வெளியே தள்ளும். அதுதான் குளவி.

இரண்டாவது தப்பு, தனியறை. தனியாக வாசிக்கும்போது அடி ஒலியும் உச்ச ஒலியும் தூக்கலாக இருந்தால் கேட்க இனிமை. குழுவில் அடியை பேஸ் கிடாரும் டிரம்ஸும் எடுத்துக்கொள்ளும், உச்சியை சிம்பல் எடுத்துக்கொள்ளும். கிடாருக்கு மிச்சம் இருக்கிற இடம் நடுப்பகுதிதான். எங்கள் பெடலில் அந்த நடுப்பகுதிதான் குழிந்திருந்தது. டியூப் ஸ்கிரீமரை எடுத்துக்கொள்ளுங்கள். அடி ஒலியைக் குறைத்து, சுமார் 720 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நடுப்பகுதியைத் தூக்கிக் கொடுக்கும். கடையில் தனியாகக் கேட்டால் "என்னடா மூக்கடைச்ச மாதிரி இருக்கு" என்று தோன்றும். குழுவோடு வாசித்தால் அந்த மூக்குதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கேட்கும்.

ஆகவே தம்பி தங்கைகளே, ஓவர்டிரைவ் பெடல் என்பது பாதிக் கருவிதான். மீதிப் பாதி உங்கள் ஆம்ப்பும் ஸ்பீக்கரும். எது பெஸ்ட் என்று தனியாக ஒரு பதில் கிடையாது. கடைக்குப் போகும்போது இவற்றை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஒன்று: உங்கள் கிடாரையே எடுத்துப் போங்கள். கடையில் விலை உயர்ந்த ஆம்ப்பில் கேட்டு ஏமாறாதீர்கள். உங்களிடம் உள்ளதைப் போன்ற ஆம்ப்பில் சொருகச் சொல்லுங்கள்.

இரண்டு: இரண்டு பெடல்களை ஒப்பிடும்போது லெவல் குமிழைத் திருகி இரண்டையும் ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவாருங்கள். கொஞ்சம் சத்தம் கூடிய பெடல்தான் காதுக்கு எப்போதும் நல்லதாகத் தெரியும். இந்த ஒரு சோதனையிலேயே பாதி ஆசை அடங்கிவிடும்.

மூன்று: டிரைவ் குமிழை முழுக்கத் திருகிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். குறைத்து வைத்து ஆறு கம்பிக்கும் ஒரு கார்டு அடியுங்கள். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிறதா, சேறாகக் குழம்புகிறதா? பிறகு கிடாரின் வால்யூமைப் பாதியாகக் குறையுங்கள். ஓசை தெளிந்து வந்தால் அந்தப் பெடல் உங்கள் விரலுக்குக் கட்டுப்படும்.

நான்கு: ஆம்ப் வால்வு வகையாக இருந்து, ஏற்கெனவே லேசாகக் கரகரக்கிறது என்றால் டியூப் ஸ்கிரீமரோ எஸ்டி-1ஓ பொருந்தும். டிரைவைக் குறைத்து லெவலைக் கூட்டி ஆம்ப்பையே உழைக்க விடலாம். டெக்சாஸின் ஸ்டீவி ரே வான் டியூப் ஸ்கிரீமரை அப்படித்தான் பயன்படுத்தினார் என்பார்கள். சுத்தமான டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் அதே பெடல் கொஞ்சம் ஒல்லியாகத் தோன்றலாம். 1995இல் வந்த பாஸ் ப்ளூஸ் டிரைவர் போல அடி ஒலியை அவ்வளவாக வெட்டாத பெடலையும் கேட்டுப் பாருங்கள்.

ஐந்து: கரண்ட் விஷயம். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டிசி, பிளக்கின் நடுவில் நெகட்டிவ். அறையில் கிடக்கும் கீபோர்டு அடாப்டரைச் சொருகிப் புது பெடலைப் புகைய விடாதீர்கள். பேட்டரியில் ஓட்டினால், வாசித்து முடித்ததும் கிடார் பக்கத்து ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஒயர் செருகியிருக்கும் வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிளான் சென்டார் என்று ஒரு பெடல், அமெரிக்காவில் பில் ஃபினெகன் என்பவர் 1994 முதல் செய்து விற்றது. யாரும் காப்பியடிக்கக் கூடாது என்று உள்ளே கருப்புப் பிசினை ஊற்றி மூடியிருந்தார். அப்படியும் காப்பியடித்துவிட்டார்கள்! பழைய சென்டார் ஒன்று இன்று பல ஆயிரம் டாலருக்குப் போகிறது. வேடிக்கை என்னவென்றால், பின்னால் அவர் செய்த கேடிஆர் பெடலின் மேலேயே, இந்த ஆரவாரத்துக்குத் தான் பொறுப்பல்ல என்ற பொருளில் ஒரு வரி அச்சடித்துவிட்டார். செய்தவரே சொல்லிவிட்ட பிறகு நாம் ஏன் பெயருக்குப் பணம் கொடுக்க வேண்டும்?

எனவே சங்கத் தலைவர் அவர்களுக்கு என் வேண்டுகோள். ஒதுக்கிய தொகையில் விலை உயர்ந்த பெடல் ஒன்று வாங்க வேண்டாம். முதலில் மன்றத்துக்கென்று ஒரு நடுத்தர கிடார் ஆம்ப், பழையதானாலும் சரி. அதன் முன்னால் மைக் வைத்து ஹால் சிஸ்டத்துக்குக் கொடுக்கட்டும். மிச்சப் பணத்தில் சாதாரண விலையில் ஒரு பெடல். மிக்சருக்கு நேராகக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், பெடலுக்குப் பின் ஸ்பீக்கரின் வேலையைச் செய்யும் கேபினெட் சிமுலேட்டர் ஒன்று அவசியம். தொகை போதாவிட்டால் எங்கள் வகுப்பு நண்பர்கள் சேர்த்துத் தருகிறோம். மதியச் சாப்பாட்டு வரிசையிலேயே நான்கு பேரிடம் வாக்கு வாங்கிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. 1989இல் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அறைத்தோழன், இதோ மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறான். டேய், தப்பு உன் கையில இல்லடா. சவுண்டுக்காரர் மேலயும் இல்ல. நமக்குச் சொல்லித்தர ஆள் இல்ல, அவ்வளவுதான். இன்று மாலை தம்பிகள் ஒரு வால்வு ஆம்ப்பை வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள். பதினாறு பார் பாக்கி இருக்கிறது. வந்து வாசித்துவிட்டுப் போ.