மறதி நோயும் எங்கள் சமையலறையும்
(சபையின் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

இந்த விழாவில் உடல்நலம் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டார்கள். இந்த நாட்டில் பயிற்சி பெற்றுப் பல வருடங்களாக முதியோரைப் பராமரிக்கும் தாதி என்ற முறையில், எங்கள் வீடுகளில் மெதுவான குரலில் மட்டுமே பேசப்படும் ஒன்றைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அதுதான் மறதி நோய், டிமென்ஷியா.

"வயது போனால் மறதி வரத்தானே செய்யும்" என்கிறோம். மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறப்பது எல்லோருக்கும் வரும். ஆனால் தினமும் நடந்த வீதியில் வழி தெரியாமல் நிற்பதும், நாற்பது வருடமாக வைத்த குழம்பின் பக்குவம் மறந்துபோவதும் மூளை நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். இது பைத்தியமல்ல, வெட்கப்பட வேண்டியதுமல்ல. மறைத்து வைத்தால் உதவிதான் பிந்தி வரும்.

சாப்பாட்டுக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு? எங்கள் உடல் எடையில் மூளை சுமார் 2 வீதம்தான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் ஏறக்குறைய 20 வீதம் அதற்கே போகிறது. அதைக் கொண்டு செல்பவை மெல்லிய இரத்தக் குழாய்கள். சலரோகமும் உயர் இரத்த அழுத்தமும் கொலஸ்ட்ரோலும் அந்தக் குழாய்களைப் பல வருடங்களாகச் சத்தமில்லாமல் பழுதாக்குகின்றன. ஆகவே இருதயத்துக்கு நல்லது மூளைக்கும் நல்லது.

எங்கள் இலண்டன் யுனிவர்சிட்டி கொலேஜ் பேராசிரியர் ஜில் லிவிங்ஸ்டன் தலைமையில், லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால், உலகில் மறதி நோயின் 45 வீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ இடமுண்டு என்கிறது அது. அந்தப் பட்டியலில் உணவு தனியாக இல்லை. ஆனால் சலரோகம், இரத்த அழுத்தம், கெட்ட கொலஸ்ட்ரோல், உடற்பருமன் ஆகிய நான்கும் சமையலறை வழியாகத்தான் வருகின்றன. இதே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் இன்னொன்றையும் காட்டினார்கள்: சலரோகம், இரத்த அழுத்தம், பருமன் போன்றவை மறதி நோய்க்கான அபாயத்தை வெள்ளையரை விடத் தென்னாசியரான எங்களிடம் கூடுதலாக உயர்த்துகின்றன. எங்களுக்குச் சலரோகமும் அதிகம். எனவே இது அயலவர் கதையல்ல.

உண்மையையும் சொல்ல வேண்டும். மூளைக்கென்று வகுக்கப்பட்ட "மைண்ட்" உணவு முறையை அமெரிக்காவில் 604 பேரிடம் மூன்று வருடம் சோதித்தார்கள். வழக்கமான உணவைச் சற்றுக் குறைத்துச் சாப்பிட்ட மற்றக் குழுவை விடப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று 2023இல் அறிவித்தார்கள். பின்லாந்தில் 1,260 பேரிடம் நடந்த ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு நல்ல உணவு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, இரத்த அழுத்தக் கண்காணிப்பு ஆகிய நான்கையும் சேர்த்துக் கொடுத்தபோது இரண்டு வருடத்தில் பலன் தெரிந்தது. தட்டு மட்டும் போதாது. நடையும் நாலு பேரோடு பழகுவதும் வேண்டும்.

வல்லாரை ஞாபகசக்தி தரும் என்று சொல்லிக் கேட்டே வளர்ந்தோம். அது நல்ல கீரை, சம்பலாகச் சாப்பிடுங்கள். ஆனால் மறதி நோயைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. தேங்காயெண்ணெய் மூளையைக் குணமாக்கும் என்பதற்கும் போதிய ஆதாரமில்லை. அதில் நிறைவுற்ற கொழுப்பே அதிகம்.

அப்படியானால் என்ன செய்யலாம்? தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி சோறோ இடியப்பமோ, கால்வாசி பருப்பு, மீன் அல்லது கோழி. சிவப்பரிசி, குரக்கன் நல்லவைதான்; அவற்றையும் அளவோடு. கிழமைக்கு ஒரு தடவையாவது சாளை, மக்கரல் போன்ற மீன், பொரிக்காமல் குழம்பாக. உப்பு நாளுக்கு 6 கிராமுக்கு மேல் வேண்டாம்; ஒரு தேக்கரண்டி அளவு. ஊறுகாய், கருவாடு, அப்பளத்தில் இருப்பதும் அந்தக் கணக்கில்தான். சேர்க்கும் சீனி பெரியவர்களுக்கு 30 கிராம். ஒரு தேநீருக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு நாலு தேநீர் என்றால் தேநீரிலேயே அது முடிந்துவிடும்.

மெற்ஃபோமின் எடுப்பவர்களும் மச்சம் சாப்பிடாதவர்களும் பி12 விற்றமினைப் பரிசோதிக்கும்படி ஜீ.பி.யிடம் கேளுங்கள். அது குறைந்தாலும் மறதி வரும். அந்தக் குறைக்கு வைத்தியம் உண்டு. 40 முதல் 74 வயது வரையானவர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் என்.எச்.எஸ். உடற்பரிசோதனைக் கடிதத்தை மேசையில் போட்டு வைக்காதீர்கள். எழுபதில் அல்ல, நாற்பதிலேயே தொடங்க வேண்டும்.

ஏற்கெனவே நோய் வந்தவரைப் பட்டினி போடாதீர்கள். சாப்பிட்டதையும் பசியையும் அவர்கள் மறப்பார்கள், மெலிவார்கள். பழகிய சாப்பாட்டைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, கூட இருந்து சாப்பிடுங்கள்.

பிள்ளைகளே, ஏழு முதல் பத்து வயதுவரை உங்களுக்கு ஒரு நாளைய சீனி 24 கிராம். ஒரு கோலாக் கலனில் ஏறக்குறைய 35 கிராம் இருக்கிறது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். அம்மம்மாவோ அப்பப்பாவோ ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் "இப்பதானே சொன்னனான்" என்று சினக்காதீர்கள். அவர்களுக்கு அது முதல் தடவை.

கடைசியாகச் சபைக்கு ஒரு வேண்டுகோள். ஆராதனை முடிந்து நாம் கூடும் மேசையில் ரோல்ஸும் பற்றிஸும் கேக்கும் இருக்கின்றன. பக்கத்தில் அவித்த கடலையும் வெட்டிய பழமும் வைப்போம். தேநீரில் சீனியை முன்பே கலக்காமல் தனியே வைப்போம். அடுத்த ஞாயிறே தொடங்கலாம். கடலை அவித்துக் கொண்டுவருவது என் பொறுப்பு.