சிறுத்த சிறுநீரகமும் ஆற்றலுக்கேற்ற தவமும்





நீரைத் துணியால் வடிகட்டிப் பருகுதல் சமணர் இல்லங்களின் தொன்மையான ஒழுக்கம். உடலுக்குள்ளும் அத்தகைய வடிகட்டும் பணி இடையறாது நிகழ்கிறது. அதனை ஆற்றுபவை சிறுநீரகங்கள். வளர்ந்தவர்களிடம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுடையது. ஒவ்வொன்றிலும் சராசரியாகப் பத்து இலட்சம் நெஃப்ரான்கள் என்னும் நுண்வடிகட்டிகள் உள்ளன. இவை தாயின் கருவிலேயே உருவாகி முடிகின்றன. பின்னர்ப் புதியன தோன்றுவதில்லை.

சிலர்க்கு ஒரு சிறுநீரகம் கருவில் போதிய வளர்ச்சி பெறாது சிறியதாகவே நின்றுவிடும். மற்றொன்று சற்றே பருத்து, இரண்டன் பணியையும் தானே ஏற்கும். ஆதலின் பலர் இக்குறையை அறியாமலே நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்துவிடுகின்றனர். வேறு எதற்கோ எடுக்கும் அல்ட்ராசவுண்டு ஸ்கேனில் இது தெரியவரும்போது குடும்பமே கலங்குகிறது.

அப்போது முதற்கண் எழ வேண்டிய வினா, அது பிறவியிலேயே சிறியதா, நோயால் சுருங்கியதா என்பதே. சிறுவயதில் சிறுநீர் பின்னோக்கிப் பாய்ந்தமையால் ஏற்பட்ட தழும்பு, குருதிக்குழாய்ச் சுருக்கம், நெடுநாள் அடைப்பு ஆகியனவும் சிறுநீரகத்தைச் சுருக்கும். குருதிக்குழாயின் நிலையை டாப்ளர் ஸ்கேன் உணர்த்தும். தழும்பையும், இரு சிறுநீரகங்களும் பணியைப் பகிரும் விழுக்காட்டையும் டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன் காட்டும். குருதியில் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின், இரத்த அழுத்தம் ஆகிய மூன்றும் மொத்த நிலையைச் சொல்லும்.

இவை மூன்றும் சீராயிருப்பின் அச்சம் வேண்டுவதில்லை; ஆண்டுதோறும் சோதித்தல் பெரும்பாலும் போதும். சிறுத்ததை அகற்றவேண்டிய தேவை அரிது. அடங்காத இரத்த அழுத்தமோ, மீண்டும் மீண்டும் வரும் தொற்றோ அதனால் விளையும்போதே மருத்துவர் அதனைக் கருதுவர். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தல், வலிநீக்கி மாத்திரைகளைத் தாமே வாங்கி உண்ணாமை, உட்பொருள் அறியாத பற்பங்களையும் சூரணங்களையும் தவிர்த்தல் ஆகியவை இன்றியமையாதவை. தாய்மை அடையும் பெண்கள் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் இதனைக் கூறல் வேண்டும்.

இனி நோன்பின் செய்தி. தசலட்சணப் பருவத்தில் நீரும் அருந்தா உண்ணாநோன்பு மேற்கொள்வோர் பலர். நலமுற்ற உடல் ஒருநாள் நோன்பைப் பொதுவாகத் தாங்கும். பணித்திறன் குன்றிய சிறுநீரகத்துக்கு நீரின்மை தீங்காகலாம். இரத்த அழுத்த மாத்திரைகளுள் சில, உடலில் நீர் வற்றிய நிலையில் அத்தீங்கை மிகுவிக்கும். ஆகவே விரதம் ஏற்குமுன் மருத்துவரைக் கேட்டல் கடமை. இரவில் நீரும் அருந்தாதவர்கள், மருத்துவர் குறித்த அளவு நீரைக் கதிரவன் எழுந்தது முதல் மறையும்வரை பகிர்ந்து பருகலாம். மாத்திரைகளையும் பகற்பொழுதிலேயே அமைத்துத் தருமாறு கேட்கலாம்.

இதனால் தவம் குறைபடுமோ என உள்ளம் வருந்துவோர் உண்டு. தத்துவார்த்த சூத்திரம் உரைக்கும் பதினாறு பாவனைகளுள் ஆற்றலுக்கேற்ற தவமும் ஒன்று. மேலும், புறத்தவம் ஆறனுள் உண்ணாமை ஒன்றே; குறைத்துண்ணலும் சுவை துறத்தலும் அவற்றுள் அடங்கும். துறக்கத்தக்க சுவைப்பொருள்களுள் பால், தயிர், நெய், எண்ணெய், வெல்லம் ஆகியவற்றோடு உப்பும் எண்ணப்படுகிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு உண்க என்பதே மருத்துவம் கூறும் அறிவுரை. இந்துப்பும் உப்பே என்பதை மறத்தலாகாது. ஊறுகாய், அப்பளம், வடகம் ஆகியவற்றை விலக்கும் ஒருவர் ஒரே செயலால் நோன்பையும் நோக்கிச் சிறுநீரகத்தையும் காக்கிறார்.

விரதம் ஏற்க இயலாத ஒருவரை, "மனவுறுதி இல்லாதவர்" என்று உறவினர் பேசுவதும் உண்டு. அச்சொல்லுக்கு அஞ்சி நோயை மறைப்போர் பிறகு பெருந்துன்பம் அடைவர். பிற உயிர்க்கு இரங்குவோர் தம் உடலில் உறையும் உயிர்க்கும், அருகிருப்பவர் நோவுக்கும் இரங்குதல் வேண்டும். கொல்லாமையின் நிறைவு அதுவே.

அறம் வளர்க!